நேராக நின்றவர்

தொலைநோக்கிக்குள் தண்ணீர்த் தொட்டி தலைகீழாகத் தொங்கியது. அதில் தப்பொன்றும் இல்லை. குழாயின் அடியில் கண்ணாடி பதித்த தொலைநோக்கி எதையும் கவிழ்த்துத்தான் காட்டும். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புதிதாக வாங்கியவர்கள் செய்வதைத்தான் அவரும் மொட்டைமாடியில் செய்துகொண்டிருந்தார். வெளிச்சம் இருக்கும்போதே தூரத்தில் அசையாத ஒன்றைப் பிடித்து, குழாயின் மேலிருக்கும் சிவப்புப் புள்ளியை அதற்கு நேராகத் திருகி வைத்துவிட்டால், இருட்டியபின் நிலாவைத் தேடி அலைய வேண்டாம். தொட்டி தலைகீழ். அதன் இரும்பு ஏணி தலைகீழ். விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்த காக்கைகள் வௌவால்களைப் போலத் தலைகீழ்.

தொட்டியோடு ஒட்டி நின்ற ஆள் மட்டும் நேராக நின்றார்.

தலை தொட்டியின் மேல்தளத்தை உரசியது. கால்கள் கீழே, வெற்று ஆகாயத்தில், தரையில் ஊன்றியதுபோல ஊன்றியிருந்தன.

கண்ணை எடுத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தார். காக்கைகள் மட்டும். மறுபடி கண்ணை வைத்தார். தொட்டி, ஏணி, காக்கை. ஆளைக் காணோம்.

“என்னங்க, சனி தெரிஞ்சுதா?” துணிக்கொடியில் காய்ந்த துணிகளை உருவியபடி மனைவி கேட்டாள்.

“இன்னும் இருட்டவே இல்லையே.”

“கட்டினவ காதுல கம்மல் இருக்கா இல்லையான்னு பார்க்கத் தெரியாது. சனிக்கு வளையம் இருக்கான்னு பார்க்கப் போறாராம்! காசு குடுத்து சனியனை வாங்கறதுன்னு சும்மா சொல்வாங்க. நீங்க நெஜமாவே வாங்கிட்டு வந்துட்டீங்க.”

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. வாங்கிய விதம் நினைவுக்கு வந்துவிட்டது.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தவர் ஒருவர். தெருவில் அவருக்கு ‘லேப் சார்’ என்றே பெயர். ஒரு அந்திப்பொழுதில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இந்தச் சின்ன மேஜைத் தொலைநோக்கியில் கண்ணை வைத்தவர் வைத்தபடியே இதயம் நின்று போனார். போன வாரம் அவர் மனைவி அதைப் போர்வையில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். விற்க வரவில்லை. அதுதான் கடைக்காரரை இப்போது முள்ளாகக் குத்தியது.

“கடைசியா இதுலதான் எதையோ பார்த்துக்கிட்டிருந்தாருண்ணா. நானும் ஒரே ஒரு தடவை பார்க்கணும். எனக்கு மங்கலாத்தான் தெரியுது. ரிப்பேரான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்.”

அவர் குழாய்க்குள் டார்ச் அடித்தார். அடிக்கண்ணாடி மேல் தூசு. வெறும் தூசு. அதனால் பிம்பத்துக்கு அரைக்கால் குறைகூட வராது. ஃபோகஸ் திருகை நாலு சுற்று சுற்றினால் எல்லாம் துலங்கிவிடும். ஆனால் டார்ச் வெளிச்சத்தில் அந்தத் தூசு குஷ்டம்போலத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். இப்படியொன்று வேண்டுமென்று எத்தனையோ வருடமாக ஆசை. புதிதாக வாங்க மனசு வந்ததில்லை. அவளைக் குனிந்து பார்க்கச் சொன்னார்.

“பூச்சு பூரா அரிச்சுப் போச்சும்மா. கண்ணுக்குப் புரை விழுந்த மாதிரி. இனிமே இதுல எதுவும் தெரியாது. உதிரிக்கு வேணா நான் எடுத்துக்கறேன்.”

“அவர் கண்ணுக்கே கண்ணாடி போட்டவரு நீங்க. நீங்க சொன்னா சரியாத்தாண்ணா இருக்கும்.”

பழைய இரும்புக்குப் போடுகிற விலைதான் கொடுத்தார். அவள் போர்வையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

தொட்டியருகே ஆளைப் பார்த்த அன்று, இருட்டியதும் நிலாவைப் பிடித்தார். பள்ளங்கள், மேடுகள், மேடுகளின் கூரான நிழல்கள், ஊசியால் கீறியதுபோல அத்தனை துல்லியம். ‘ஆகா’ என்று வாய் திறந்தவருக்கு, இதைப் பார்க்கத்தானே அவள் வந்தாள் என்ற நினைப்பு வந்தது. பாதியிலேயே மூடி வைத்துவிட்டு இறங்கினார்.

மறுநாள் சாயங்காலம் மூடியைத் திறந்தபோது கண் வைக்கும் குழல் வெளியே நீண்டிருந்தது. நிலாவுக்குப் பிடித்தால் குழல் உள்ளே இருக்க வேண்டும். பக்கத்தில் உள்ளதைப் பார்க்கத்தான் திருகி வெளியே இழுப்பார்கள். பக்கத்தில் எதை?

“இதைத் தொட்டியா நீ?”

“எனக்கு வேற வேலை இல்ல பாருங்க.”

திருகைத் தொடாமலே கண்ணை வைத்தார். பள்ளிக்கூடக் கட்டடம், தொட்டிக்கு இப்பால். கவிழ்ந்த கைப்பிடிச் சுவர், கவிழ்ந்த கொடிக்கம்பம். நடுவில், கால்களை ஆகாயத்தில் ஊன்றி, நேராக, அந்த ஆள். இந்த முறை முகம் தெரிந்தது. வலது காது இடது காதைவிடத் தாழ்ந்தது என்பதால் ஒருபக்கக் காம்பை நெருப்பில் காட்டி வளைத்துக் கொடுத்த கண்ணாடி. லேப் சாருக்காக அதை வளைத்தது இவர் கைதான். ஆனாலும் முகத்தில் அது எப்போதும் ஒரு மயிரிழை சாய்ந்தே நிற்கும்.

சாய்ந்தே நின்றது.

அதற்குள்ளே ஒரு கண் மூடியிருந்தது. மற்றது அகலத் திறந்திருந்தது, குழாயில் கண் வைத்துப் பார்ப்பவனுக்குத் திறந்திருப்பதுபோல. பார்த்துக்கொண்டிருந்தது இவரை.

தூக்கம் வரவில்லை. மாடிப்படியில் ஏதோ காய்ந்த சருகு இழுபடுகிற சத்தம். ஆய்வுக்கூடங்களில் வரும் ஸ்பிரிட் வாசனை, மெலிதாக, வந்து வந்து போனது. ‘குடுத்துடு, உண்மையைச் சொல்லிக் குடுத்துடு’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விடிந்ததும் அந்தப் பேச்சு வலுவிழந்தது. ‘கண்ணாடிக்காரர் பொய் சொல்லி ஏமாத்தி வாங்கிட்டாராம்’ என்று தெருவே பேசுமே?

அடுத்த நாள் குழல் இன்னும் வெளியே வந்திருந்தது.

எதிர்வீட்டு மாடி. ஆள் நேர். ஒரு தெரு அகலம்தான் பாக்கி. திறந்த கண் இப்போது இவரைப் பார்க்கவில்லை. இவருக்குப் பின்னால், கொடியில் துணி போட்டுக்கொண்டு எதையோ முணுமுணுத்துப் பாடிய மனைவியைப் பார்த்தது.

தொலைநோக்கியை அப்படியே வாரித் தூக்கினார்.

“எங்க கிளம்பிட்டீங்க? இப்பதானே மேல வந்தீங்க?”

“உடையவங்ககிட்ட குடுத்துட்டு வந்துடறேன்.”

“அதுக்குள்ள சனி விட்டுடுச்சா!” அவள் சிரிப்பு படிகளில் கூடவே இறங்கி வந்தது.

மைதானத்துக்கு அந்தப் புறம் லேப் சார் வீடு. வழி நெடுக ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தார்: ‘அது கெட்டுப்போகலம்மா, நான் பொய் சொன்னேன்.’ அவ்வளவுதான். மூச்சுவிடுகிற நேரம்கூட ஆகாது.

கதவைத் திறந்தவள் அவர் கையில் இருந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“இனிமே எதுவும் தெரியாதுன்னீங்களேண்ணா?”

வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அவள் கண்கள் அத்தனை நம்பிக்கையாகப் பார்த்தன.

“ராவும் பகலுமா உக்காந்து… சரி பண்ணிட்டேம்மா.”

அவள் கண் நிறைந்தது. “கூலி எவ்வளவுண்ணா?”

“தங்கச்சிகிட்ட கூலியா?”

சொன்ன வாயில் சாம்பல் கரித்தது. அவள் இரண்டு கையையும் குவித்தாள். அந்தக் கும்பிடு அவர் முகத்தில் அறைந்தது. நெஞ்சு மட்டும் ஒரு கோழைத்தனமான நிம்மதியில் தளர்ந்தது. வீட்டைவிட்டு வந்தாயிற்று. இனி அது இங்கேதான். இங்கேயே இருக்கட்டும்.

ஜன்னலோர மேஜையில், லேப் சார் உட்கார்ந்து செத்த அதே இடத்தில், அவளே வைத்தாள். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

“நிலா வர நேரமாகும். உங்க வீட்டு மாடி இங்கேர்ந்து தெரியுமேண்ணா. அண்ணி இருக்காங்களான்னு பார்க்கறேன்.”

“வேண்டாம்மா…”

அதற்குள் திருப்பிவிட்டாள். தடவித் தடவித் திருகைச் சுற்றினாள். சிறுமியைப் போலச் சிரித்தாள்.

“அய்யோ, அண்ணி தலைகீழாத் துணி மடிக்கிறாங்க!”

பிறகு சிரிப்பு அடங்கியது. விரல்கள் மேஜை விளிம்பைப் பிடித்தன.

“அண்ணா. அவரு.”

அவர் மேஜையை நோக்கி ஓரடி வைத்தார்.

“அவருதாண்ணா! அண்ணிக்குப் பக்கத்துல. அவர் மட்டும் நேரா நிக்கிறாரு. கையை நீட்டறாரு.” அழுகையும் சந்தோஷமும் குழைந்த குரல். “அண்ணி திரும்பிப் பார்க்கிறாங்க.”

“ம்மா, தள்ளு…”

“அட. அண்ணியும் நேராயிட்டாங்களே!”

அவளை ஒதுக்கிவிட்டு வெளியே பார்த்தார். மைதானத்துக்கு அப்பால் அவர் வீடு. மொட்டைமாடி. கொடி. காற்றில் துணி. யாரும் இல்லை. போனை எடுத்தார். மனைவியின் எண். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

குனிந்தார். கண்ணை வைத்தார்.

கவிழ்ந்த வீடு. கவிழ்ந்த கொடி. கால்களை ஆகாயத்தில் ஊன்றி, இரண்டு பேர். மனைவியின் கையில் போன் மினுங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. ஒரு கண்ணை மூடி, மற்றதை அகலத் திறந்து, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.