கூப்பிட்டால்தான் நாற்காலி

மழை அவனை உள்ளே தள்ளிவிட்டது. லைப்சிக்கின் அந்தப் பழைய தேநீர்க்கூடத்தில் கண்ணில் பட்ட முதல் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

எதிரே இருந்த சுபானி நிமிர்ந்தாள். ஐயோ, அந்தக் கண்கள்... மழைக்கு ஒதுங்கியவனை இன்னொரு முறை நனைத்தன.

"என்னப்பா இது... எழும்புங்கோ!"

"அட, தமிழா! நான் கோகுல், கோயம்புத்தூர். சீனியர் சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட்..."

"நீங்கள் ஆராயிருந்தாலும் எனக்கென்ன? புதன்கிழமையில பொம்பிளையள் கூப்பிடாமல் ஆம்பிளையள் இஞ்ச இருக்க ஏலாது."

ஆண்துணையில்லாத பெண்ணுக்கு உணவகங்கள் மேசை தர மறுத்த காலத்தில், பெண்கள் தனியே வந்து நிம்மதியாகச் சாப்பிடத் திறந்த இடம் அது. வாரத்தில் ஒருநாள் அந்தப் பழைய வழக்கம் இன்னும் உண்டு. பல் மருத்துவரிடம் வேலை பார்த்து, ஊரார் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் சுபானி, தன் வாய்க்கென்று ஒதுக்கிய நாளும் அதுதான்.

"அப்ப நீங்களே கூப்பிடுங்களேன்."

"நான் ஏன் கூப்பிடோணும்?"

சீனியர் ஆர்க்கிடெக்ட் எழுந்தார். பட்டம் மட்டும் நனையாமல் இருந்தது. அப்போது பக்கத்து மேசையில் ஒரு விரல் அசைந்தது... எண்பதைத் தாண்டிய திருமதி க்ரூகர். முத்துமாலை, சிவந்த உதடு!

அதன்பின் ஒவ்வொரு புதனும் அவன் வந்தான். நேரே கிழவியிடம் போனான். அவர் தேநீர் ஊற்ற, இவன் வெட்கப்பட, இருவரும் குசுகுசுவென்று சிரிக்க... சுபானிக்குக் கேக் கசந்தது. 'இந்த வயசில உவவுக்கு லிப்ஸ்டிக் கேக்குதோ?' தனக்கொன்றும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டாள். புதன்கிழமைக்கென்று புதுத்தோடு வாங்கியதுகூட, பழையது அலுத்துப்போனதால்தானாம்!

ஒரு சொல் போதும். ஆனால் எழும்பச் சொன்ன வாயால் 'இருங்கோ' என்று எப்படிச் சொல்வது?

ஒருநாள், அவன் மீசையில் ஒட்டிய கிரீமைக் கிழவி தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். போதும்! சுபானி விறுக்கென்று எழுந்து அந்த மேசைக்கே போனாள்.

"என்ர மேசைக்கு வாங்கோ."

"என்னையா கூப்பிடறீங்க?"

"பின்ன, அவவையே?"

வந்தான். அவள் தேநீர் ஊற்றினாள்.

"பொறாமையாங்க?"

"ஓம்... எரிஞ்சது. எண்பது வயசெண்டு தெரிஞ்சும் எரிஞ்சது. போதுமே?"

அவன் ஒரு மிடறு குடித்தான். முகம் கோணியது.

"ஏன், சீனி காணாதோ?"

"இல்லைங்க... நான் காபிக்காரன். டீ எனக்கு ஆகவே ஆகாதுங்க."

"அப்ப இவ்வளவு புதனும்...?"

"என்னைக்காவது நீங்க கூப்பிடுவீங்கன்னுதான்..." ஆர்க்கிடெக்டின் குரலில் பட்டம் ஏதும் மிச்சமில்லை.

வெளியே மழை. உள்ளே, பக்கத்து மேசைச் சிவந்த உதடுகள் சிரித்தன. சுபானி தலை குனிந்தபடி அவன் கோப்பையை விளிம்புவரை நிரப்பினாள்.

"குடிச்சுப் பழகுங்கோ... இனி எல்லாப் புதனும் இந்த மேசைதான்."