காணாமல் போன நுரைப்பஞ்சு

"என் தம்பி திருடல சார். சாயங்காலத்துக்குள்ள நிரூபிக்கலன்னா என் வீட்டுக்காரர் போலீஸுக்குப் போயிடுவார்" என்றாள் வந்தவள், நாற்காலியில் உட்காராமலே.

அண்ணன் தண்ணீர் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். காப்பீட்டு நிறுவனத்தில் திருட்டையும் தீயையும் ஆராய்ந்து ஓய்வு பெற்றவர்; இப்போது தங்கையோடு சேர்ந்து, இப்படித் தேடி வருகிறவர்களுக்குத் துப்புத் துலக்குகிறார். 'நிதானம்' என்று அவருக்குப் பெயர் வைத்ததே அந்தத் தங்கைதான். எரிச்சலில் வைத்தது, போகப்போக அதுவே மரியாதையாகிவிட்டது.

"உட்கார்ந்து சொல்லுங்கம்மா. என்ன காணோம்?"

"பஞ்சு."

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் பார்த்த பார்வையில் அதை விழுங்கிக்கொண்டாள்.

அது சாதாரணப் பஞ்சு அல்ல. அவள் கணவர், ரசாயனம் படித்தவர், பல வருடம் பாடுபட்டுச் செய்த பாலிமர் நுரைப்பஞ்சு. எண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டால் எண்ணெயை மட்டும் குடிக்கும், தண்ணீரைத் தொடாது. நேற்று மாலை வண்டி கழுவும் கொட்டகையில் இருந்த கழிவுநீர்த் தொட்டியில் தலையணை அளவுத் துண்டைப் போட்டுப் பூட்டியிருக்கிறார். காலையில் இல்லை. இன்னொரு சாவி அவள் தம்பியிடம். கூடவே உழைத்தவன், கண்டுபிடிப்பில் தன் பெயரையும் சேர்க்கச் சொல்லிச் சண்டை போட்டவன்.

அண்ணனும் தங்கையும் அவளோடு போனபோது, கொட்டகை வாசலில் அவள் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணா, சட்டைக் கையைப் பாரு. ஈரம்" என்று தங்கை கிசுகிசுத்தாள்.

"வண்டி கழுவுற இடத்துல காஞ்ச கை இருந்தாத்தான்டி சந்தேகப்படணும்."

அவர் யாரையும் விசாரிக்கவில்லை. "அந்தப் பஞ்சு என்ன செய்யும்னு எனக்குக் காட்டுங்க" என்று மட்டும் கேட்டார்.

அவள் கணவரான ரசாயனக்காரர் பழுப்பேறிய சிறு துண்டொன்றை எண்ணெய் மிதந்த வாளியில் போட்டார். கறுப்புப் படலம் நாலா பக்கமிருந்தும் அதை நோக்கி நகர்ந்தது, கூப்பிட்டதுபோல. சற்று நேரத்தில் வாளியின் அடி தெரிந்தது. பிழிந்தார்; எண்ணெய் வழிந்தது. மறுபடி போட்டார், மறுபடி குடித்தது. தங்கை வாயைத் திறந்தபடி நின்றாள்.

"அழுத்தினாக்கூட முங்காது" என்றார் அவர், கோபத்தை மறந்து.

"பெரிய துண்டும் இதே பழுப்புதானா?"

"இதைவிட மோசம். ஆனா நேத்து படம் எடுத்தேன், பாருங்க." கைபேசியில் பஞ்சு வெள்ளை வெளேரென்று இருந்தது.

அண்ணன் தொட்டியருகே போய்க் குனிந்தார். உள்ளே தண்ணீரைக் கலக்கும் சிறு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "மேல எண்ணெயே இல்லையே. எங்க போச்சு?"

"பஞ்சு எடுத்திருக்கும். அப்புறம் இவன் பஞ்சை எடுத்திருப்பான்."

"பஞ்சு எடுத்திருந்தா இந்த வாளி மாதிரி தெளிஞ்சிருக்கணும். இது பால் மாதிரி கலங்கியிருக்கு. எண்ணெயும் தண்ணியும் ஆகாத ரெண்டு பேர்; இப்படி ஒட்டணும்னா நடுவுல ஒரு தரகர் வேணும். அது யாருன்னு எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும்."

ரசாயனக்காரர் கைபேசிப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"சோப்பு" என்றார் பிறகு. "படத்துக்கு நல்லா இருக்கணும்னு சோப்புத் திரவம் ஊத்தி நான்தான் கழுவினேன். அலசினேனே."

"வெளியில அலசியிருப்பீங்க. உள்ள இருக்கிற அத்தனை துளையிலயும் சோப்பு தங்கியிருக்கும். அது தண்ணியை உள்ள விட்டுடுச்சு. தண்ணி குடிச்ச பஞ்சு..."

"முங்கியிருக்கும்" என்றாள் தங்கை, முந்திக்கொண்டு.

"முங்கவே முங்காதுன்னு நம்பினதால யாரும் அடியில தேடல. நல்ல பொருள்மேல வச்ச நம்பிக்கைங்க அது, தப்பில்ல. அதுல கொஞ்சம் மச்சான்மேலயும் வச்சிருக்கலாம்."

தம்பி எழுந்து வந்து மோட்டாரை நிறுத்தினான். தோள்வரை கையை விட்டுத் துழாவினான். கை ஓரிடத்தில் நின்றது. அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஸ்பிரிட்டுல அலசிக் காய வச்சா பழையபடி ஆயிடும் இல்ல?" என்று அண்ணன் கேட்டார்.

"ஆயிடும்" என்ற ரசாயனக்காரர், தம்பியின் முதுகைப் பார்த்து, "மச்சான்..." என்று இழுத்தார்.

"போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டீங்களா அத்தான்?"

"இல்லடா."

"அப்ப வாங்க. தண்ணி குடிச்சு கனக்குது, ஒரு ஆளால ஆகாது."

ரசாயனக்காரர் கடிகாரத்தைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே கையை உள்ளே விட்டார்.