கழித்துப் போட்ட மரம்

நாற்றுப்பண்ணைக்காரி வந்தவுடன் உட்காரவில்லை. கையில் கசங்கிப்போயிருந்த வேளாண்துறை உத்தரவை ஆய்வகத் தலைவியின் மேசைமேல் விரித்து வைத்தார். பன்னிரண்டு தாய்மரங்களையும் ஒரு வாரத்துக்குள் எரித்துவிட வேண்டுமாம். பதினாறு வருடமாக அவர் விற்ற எலுமிச்சைக் கன்றுகள் எல்லாமே அந்தப் பன்னிரண்டிலிருந்து மொட்டெடுத்து ஒட்டியவை. அவை போனால் பண்ணையே போயிற்று.

வண்டியில் அவரை அழைத்து வந்த கொழுந்தன், அண்ணிக்காகப் பரிந்து பேசினார். "அஞ்சு இலையைப் பார்த்துட்டு பன்னெண்டு மரத்தை எரிக்கச் சொன்னா என்ன நியாயம் மேடம்?"

ஆய்வகத் தொழில்நுட்பன் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். அவன் பெயரே ஆய்வகத்தில் மறந்துபோய்விட்டது; இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகும் எல்லாருக்கும் அவன் 'அவசரம்'தான். அந்த இலைகளில் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு வைரஸைக் கண்டுபிடித்தவன் அவனே. பத்து வருட வேலையில் அவன் கண்ட முதல் புது வைரஸ். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனான். அது ஒரு குடும்பத்தின் வயிற்றில் அடிக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

தலைவி அவசரப்படாமல் கேட்டார். "இலையை எப்படி அனுப்பினீங்க?"

நாலாம் மரத்தில் கொஞ்சம் வெளுப்புத் தட்டியதாம். எட்டு இலை பறித்து, ஈரத்தாளில் சுற்றி, தன் கையாலேயே சீட்டு எழுதிக் கொழுந்தனிடம் கொடுத்தனுப்பினாராம்.

தலைவி பதிவேட்டைப் புரட்டினார். வந்து சேர்ந்தவை ஐந்து இலைகள் என்று எழுதியிருந்தது. இலைகள் வந்த அன்று எடுத்த படத்தைக் காட்டச் சொன்னார். அந்தப் படத்தை எடுத்தவனும் அவசரம்தான். மஞ்சள் பாய்ந்த நரம்புகளை அன்றே உற்றுப் பார்த்திருந்தான். இப்போது தலைவியின் விரல் காம்பைத் தொட்டது. ஒவ்வொரு காம்பும் குட்டி இலைபோல அகன்று விரிந்திருந்தது.

"உங்க எலுமிச்சைக்குக் காம்பு இப்படியா இருக்கும்?"

பண்ணைக்காரி படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "இல்லையே. எங்க மரத்துக்குக் காம்பு ஒல்லி."

அவசரத்தின் காது சூடேறியது. ஆனாலும் கண்ணால் பார்த்தது மட்டும் போதாது என்றார் தலைவி. இலையை அரைத்துக் கொடுத்தால் இயந்திரம் அதிலுள்ள மரபணு எழுத்துகளைக் கோடிக்கணக்கான துண்டுகளாகப் படித்துத் தள்ளும். பெரும்பகுதி மரத்துக்கே சொந்தமானது. எலுமிச்சை, ஆரஞ்சு, நாரத்தை என்று அந்த இனம் மொத்தத்தையும் ஒரே சல்லடையில் கழித்துவிட்டு, மிஞ்சியதில்தான் வைரஸைத் தேடுவார்கள்.

"வைரஸ் வேணும்னு மரத்தைக் கழிச்சுப் போட்டே. கழிச்சது எந்த மரம்னு பார்த்தியா?" என்று அவசரத்திடம் கேட்டார் தலைவி.

பார்க்கவில்லை. குப்பை என்று ஒதுக்கியதைக் கணினியில் மறுபடி ஏற்றி, ஒவ்வொரு வகையோடும் ஒப்பிட மத்தியானம் வரை ஆயிற்று. விடை சந்தேகமில்லாமல் வந்தது: பம்பளிமாஸ். எலுமிச்சையின் சுவடே இல்லை. வைரஸும் பொய்யில்லை, படித்ததும் பொய்யில்லை, மரம்தான் வேறு.

"எங்க பண்ணையில பம்பளிமாஸே கிடையாது" என்றார் பண்ணைக்காரி. சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் கொழுந்தன் பக்கம் திரும்பியது.

தலைவி குரலை உயர்த்தவில்லை. "உங்க அண்ணி எட்டு இலைன்னு சொல்றதுக்கு முன்னாடியே நீங்க அஞ்சுன்னு சொன்னீங்க. உத்தரவுல எண்ணிக்கை இல்லை. எங்க பதிவேட்டுல மட்டும்தான் இருக்கு. அதை நீங்க பார்த்ததில்லை. அஞ்சு இலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கொழுந்தனிடமிருந்து மெல்ல மெல்ல எல்லாம் வெளியே வந்தது. வெளியூரிலிருந்து சோதனைக்குக் காட்டாமல் நாலு பம்பளிமாஸ் கன்று கொண்டுவந்து கொல்லையில் நட்டிருந்தார். காய்க்கத் தொடங்கும் நேரத்தில் இலை மஞ்சளித்தது. தன் பேரில் கொடுத்தால் கன்று எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அண்ணியின் பொட்டலத்தைப் பிரித்து, அந்த எட்டு இலையையும் வழியில் வீசிவிட்டு, தன் மரத்து இலைகளை வைத்துக் கட்டினார். ஏதோ மருந்து தெளிக்கச் சொல்வார்கள், தெளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாராம்.

"புதுசா ஒண்ணு இருக்கும்னு எனக்கு எப்படி அண்ணி தெரியும்?"

அண்ணி தலைவி பக்கம் திரும்பி ஒன்றே ஒன்று கேட்டார். "ரெண்டு கொல்லைக்கும் நடுவுல ஒரு வேலிதான் மேடம். இங்கேயும் பரவியிருக்குமா?"

தெரியாது என்றார் தலைவி. தெரிந்துகொள்ளும்வரை உத்தரவை நிறுத்திவைக்கச் சொல்லி அங்கேயே கடிதம் எழுதினார். மறுநாள் அவசரமே நேரில் போய், பன்னிரண்டு மரத்திலும் இலையும் பட்டையும் எடுத்து, ஒவ்வொன்றையும் மூன்று முறை எண்ணி எழுதினான். இந்தத் தடவை மரத்தையும் படித்தான், மிஞ்சியதையும் படித்தான். பன்னிரண்டும் எலுமிச்சை, பன்னிரண்டிலும் அந்த வைரஸ் இல்லை. நாலாம் மரத்துக்கு உரம்தான் குறைவு. கொழுந்தனின் நாலு மரத்திலும் வைரஸ் இருந்தது.

அந்த நாலையும் தோண்டி எரிப்பதை நேரில் பார்த்து எழுத அவசரம் போயிருந்தான். கொழுந்தனிடம் பண்ணைக்காரியும் பேசவில்லை, அவர் கணவரும் பேசவில்லை. அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் அப்படித்தானாம். கொழுந்தன் தனியாகவே மூன்றை வெட்டிச் சாய்த்துவிட்டார். நாலாவது மரத்தின் வேர் அசைய மறுத்தது. கடப்பாரையைப் போட்டுவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பண்ணைக்காரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். கடப்பாரையை எடுத்து வேருக்கடியில் கொடுத்தார்.

"எழுந்து அந்தப் பக்கம் பிடி தம்பி" என்றார்.