சுரண்டிய கண்ணாடி

ஜூன் மாதத்து வெயிலில் க்ரோலின் மாட்டுப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தேன். நெப்ராஸ்காவில் அந்த மாதம் எங்கும் காய்ந்த புல் வாசனைதான். க்ரோல் புதுக் கோட்டு மாட்டிக்கொண்டு வேலிக்கு முன்னால் நின்றிருந்தான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை நான்கு வரிசை முள்கம்பி. அதோடு சேர்த்து அவனைப் படம் எடுக்க வேண்டுமாம்.

என் வண்டியை இழுத்து வந்த பழுப்புக் குதிரை அவன் கொடுத்தது. சும்மா கொடுக்கிற ஆளா அவன்? முந்தைய வருஷம், இப்போது அந்த வேலிக்குள் இருக்கும் ஊற்றங்கரையில், பொஹீமியாவிலிருந்து வந்த ஜெலென்கா என்ற குடியானவனையும் அவன் குடும்பத்தையும் அவர்களுடைய மண்வீட்டின் முன் படம் எடுத்திருந்தேன். அப்போது அங்கே வேலியே கிடையாது. பிறகு க்ரோல் வீட்டையும் ஊற்றையும் வளைத்துப் போட்டு, தன் வேலிதான் முதலில் வந்தது என்று சாதித்தான். ஜெலென்காவுக்கு இருந்த ஒரே சாட்சி, அந்தப் படம் பதிந்து என்னிடமிருந்த கண்ணாடித் தகடு.

அந்தக் குதிரைக்காக அதை நான் சுரண்டிக் கழுவினேன். பழைய கண்ணாடியில் புதுப்படம் எடுப்பது எங்கள் தொழிலில் வழக்கம்தானே என்று மனசாட்சியைத் தூங்க வைத்தேன். நிலம் க்ரோலுக்குப் போயிற்று. பனிக்காலத்தில் ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்க வந்த ஜெலென்கா, அந்தக் கம்பியில் மாட்டிக்கொண்டு விறைத்துச் செத்தான்.

க்ரோலைப் படம் எடுத்ததும், தகட்டில் பூசிய மருந்தின் ஈரம் காய்வதற்குள் அதோடு இருட்டுக் கூடாரத்துக்குள் நுழைந்தேன். ஈதர் நெடி மூக்கில் ஏறியது. படத்தை எழுப்பும் மருந்தை ஊற்றினேன்.

க்ரோல் வரவில்லை.

வேலியும் வரவில்லை.

மண்வீடு வந்தது. வாசலில் ஜெலென்காவின் மனைவி லுட்மிலாவும் இரண்டு குழந்தைகளும். பக்கத்தில் ஜெலென்கா.

க்ரோல் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். பார்த்தவன் முகம் வெளுத்துவிட்டது.

"இது எப்படிய்யா வந்துச்சு?"

"அதே கண்ணாடிங்க. நல்லாத்தான் கழுவுனேன்."

"மறுபடி சுரண்டு. நான் வெளிய நிக்கிறேன்."

நான் மறுத்திருக்கலாம். அந்த நிலத்தை அந்தப் பெண்ணுக்கு மீட்டுத் தர இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனாலும் கத்தியை எடுத்தேன். பயந்தாங்கொள்ளி நான், வேறென்ன சொல்ல.

ஜெலென்காவின் முகத்தைச் சுரண்டினேன். மறுபடி வந்தது.

சுரண்டினேன்.

இன்னும் பெரிதாக வந்தது.

வெளியே கம்பி ரீங்காரமிட்டது. காற்று அடிக்கவே இல்லை. பிறகு க்ரோல் ஒரே ஒரு தடவை, மெதுவாக, "விட்டுடு" என்றான்.

வெளியே ஓடினேன். கோட்டு கலையாமல் வேலியோரம் நின்றிருந்தான் க்ரோல். இரண்டு கைகளும் கம்பியை இறுகப் பிடித்திருந்தன. மீசையில் உறைபனி படர்ந்திருந்தது.

அந்த வெயிலில்.

மறுநாளே தகட்டை லுட்மிலாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இதைக் காட்டினால் நிலம் திரும்பக் கிடைக்கும் என்றேன். பின்னால் கிடைக்கவும் செய்தது. அவள் தகட்டில் இருந்த சுரண்டல் கீறல்களை விரலால் தடவினாள்.

"யாரு அழிக்கச் சொன்னது?"

"க்ரோல்தாம்மா."

"சுரண்டுன கை யாருது?"

வண்டியில் ஏறி வந்துவிட்டேன். அவளாவது என்னைத் திட்டித் தீர்த்திருக்கலாம்.

ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. கணக்கு தீர்ந்துவிட்டது என்றுகூட நினைத்தேன். நேற்று மதியம், நூறு மைல் தள்ளி ஒரு ஊரில், கல்யாண ஜோடி ஒன்றைப் படம் எடுத்தேன். கடையில் அன்றுதான் வாங்கிய புதுக் கண்ணாடி. கூடாரத்தில் மருந்து ஊற்றியதும் படம் எழும்பியது.

ஜோடி இல்லை. என் கூடாரம் இருந்தது. அதைச் சுற்றி நான்கு வரிசை முள்கம்பி. உள்ளே வரவோ வெளியே போகவோ எங்கும் வழி விடப்படவில்லை.

வெளியே கல்யாண வீட்டார் சிரிப்பது கேட்டது. துணியை விலக்கக் கையை நீட்டினேன்.

விரலில் முள் ஏறியது.