நாலாவது ஆள்

காலை 10.34.

வெள்ளிப் பெட்டியைத் திறந்தவர் அப்புசாமி. மாப்பிள்ளையின் அப்பா, நாமக்கல் பக்கம் தோட்டமும் கோழிப்பண்ணையும் வைத்திருக்கிறவர். பெண்ணுக்குப் போட வேண்டிய தங்க ஆரத்தை எடுக்கப் பெட்டிக்குள் கை விட்டவர், விட்ட கையை எடுக்காமல் நின்றார். உள்ளே ஆரம் இல்லை. எலுமிச்சம்பழ அளவில் ஒரு வெள்ளைக் கூழாங்கல் இருந்தது.

படக்கென்று மூடித் துண்டில் சுற்றிக்கொண்டார். கல்லைக் கண்ணால் பார்த்தது அவரும், பெண் வீட்டுப் பெரியவர் ஒருவரும், அப்புசாமியின் மச்சினன் நவநீதகிருஷ்ணனும் மட்டும்தான். ஆனால் சேதி இருக்கிறதே, அது பந்திக்கூடம் வரை போய்விட்டது.

"சகுனம் சரியில்லீங்க மாமா. நிச்சயத்த இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாம்" என்றார் நவநீதகிருஷ்ணன்.

10.41.

மேனேஜர் பிரபாகரின் அறைக்குள் பெட்டி வந்து சேர்ந்தது. கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காடு மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் இருக்கிறது அந்த ஓட்டல். பிரபாகருக்கு அஸ்தம்பட்டியில் வீடு. நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டார். ஆனால் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் போதும், மனுஷன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இன்றைக்கு வந்திருப்பதோ முந்நூறு பேர்.

"பதினொன்றரைக்கு நல்ல நேரம் முடியுதுங்க" என்றார் அப்புசாமி. "அதுக்குள்ள ஆரம் வரோணும். இல்லீன்னா உங்க டிரைவர போலீசுல உட்டுட்டுத்தான் நான் போவேன்."

டிரைவர் என்றது பெரியசாமியை. இருபது வருஷம் லாரி ஓட்டி முதுகு போய், இப்போது ஓட்டலின் பேட்டரி வண்டி ஓட்டுகிறவர். கார்களைக் கீழே வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து மேலே மண்டபத்துக்கு நாலு நிமிஷம் பேட்டரி வண்டியில்தான் போக வேண்டும். அவரை வேலைக்குச் சேர்த்தது பிரபாகர். போலீஸ் கேஸ் என்று ஒன்று வந்துவிட்டால், இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் அவரிடம் சாவி கொடுக்க மாட்டார்கள். 

நடந்தது இதுதான். காலை 9.42க்கு அப்புசாமி, அவர் மனைவி காளியாத்தாள், காளியாத்தாளின் தம்பி நவநீதகிருஷ்ணன் மூன்று பேரும் கீழே பெரியசாமியின் வண்டியில் ஏறினார்கள். ஏறுமுன் காளியாத்தாள் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஆரம் இருந்தது. 9.46க்கு மேலே இறங்கினார்கள். ஏழு சீர்த்தட்டுகளை இறக்கிய அவசரத்தில் பெட்டி இருந்த பை பின்சீட்டிலேயே தங்கிவிட்டது. மனைவி எடுத்திருப்பாள் என்று அப்புசாமியும், அவர் எடுத்திருப்பார் என்று காளியாத்தாளும் நினைத்துக்கொண்டார்கள். வண்டி கீழே போனது. 9.58க்குப் பெரியசாமியே பையைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார்.

"போக நாலு, வர நாலு, எட்டு நிமிசந்தானே அண்ணே. பன்னெண்டு நிமிசம் எதுக்கு?" பிரபாகர் கேட்டார்.

"சார்ஜ் கம்மியா இருந்துச்சுங்க. கீழ ஷெட்டுல பிளக் மாட்டிட்டு ஒரு டீ குடிச்சேன். அப்பறந்தான் பின்னால திரும்பிப் பாத்தேன், பை கெடந்துச்சு. அப்படியே எடுத்துட்டு வந்துட்டேங்க."

"பையத் தொறந்தீங்களா?"

"நான் எதுக்குங்க தொறக்கறேன்?"

வண்டியைச் சோதித்தாயிற்று. ஷெட்டைச் சோதித்தாயிற்று. பாவம், அந்த மனுஷனின் சட்டைப் பையைக்கூட உதறிப் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கல்? அது கீழ்வாசலில் பாத்தி கட்டி அழகுக்குப் போட்ட கல். மேலே அந்த மாதிரிக் கல் ஒன்றுகூடக் கிடையாது. பாத்தி இருப்பதோ சார்ஜ் ஷெட்டுக்குப் பக்கத்திலேயே.

"கல்லு கீழ இருந்து வந்திருக்குது. கீழ தனியா இருந்தது இவுரு. இதுக்கு மேல என்னங்க வேணும்?" என்றார் நவநீதகிருஷ்ணன். சரியாகத்தான் பட்டது. பெரியசாமியின் முகத்தைப் பார்த்தால் மட்டும் சரியாகப் படவில்லை. பிரபாகர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

10.52.

தமிழ்ச்செல்வி உள்ளே வந்தாள். வரவேற்பு மேஜையைப் பார்த்துக்கொள்கிறவள், முப்பத்திரண்டு வயது. கையில் ஒரு பிஸ்கட் டப்பா. அந்த டப்பாவைக் கண்டாலே பிரபாகருக்கு எரிச்சல்.

ஓட்டல் முதலாளி இன்னும் நாலு பேட்டரி வண்டி வாங்கப் போகிறார். எந்த மாதிரி வாங்குவது என்று விருந்தாளிகளையே கேட்கச் சொல்லியிருந்தார். வண்டியை விட்டு இறங்குகிற ஒவ்வொருவரிடமும் தமிழ்ச்செல்வி ஒரு அட்டையை நீட்டுவாள். முன்பக்கம் பார்த்த சீட்டா, பின்பக்கம் பார்த்த சீட்டா? திறந்த வண்டியா, கதவு வைத்ததா? எழுதித் தந்ததை வாங்கும்போது நேரத்தையும் குறித்து இந்த டப்பாவில் போட்டுவைப்பாள். ஒரு மாதமாகச் சேர்ந்த அட்டைகளைப் படித்து பிரபாகர் குழம்பியதுதான் மிச்சம். பாதிப் பேர் காற்று பத்தவில்லை என்கிறார்கள், மீதிப் பேர் காற்று ஆளைத் தள்ளுகிறது என்கிறார்கள்.

"இப்ப இதுக்கா நேரம், தமிழ்ச்செல்வி?"

"இந்த நாலை மட்டும் பாருங்க சார்."

முதல் அட்டை அப்புசாமியுடையது. பின்பக்கம் பார்த்து வந்தால் வயிற்றைப் பிரட்டுகிறது என்று எழுதியிருந்தார். அடுத்தது காளியாத்தாள் சொல்லத் தமிழ்ச்செல்வி எழுதியது: 'மூணு பேரு உக்கார்ற வண்டியே வாங்க வேண்டாம். நாலாப் பாத்து வாங்குங்க.' மூன்றாவது நவநீதகிருஷ்ணன் எழுதியது, நேரம் 10.06: 'வண்டி பரவாயில்லை. டிரைவருக்கு மரியாதை போதாது. படியில் காத்திருந்த என்னிடம் பையைக் கொடுக்கும்போதுகூடச் சீட்டை விட்டு இறங்கவில்லை. இறங்கி உதவுகிற டிரைவர் வேண்டும்.'

நாலாவது கனிஷ்காவுடையது. நவநீதகிருஷ்ணனின் மகள், அடுத்த வண்டியில் வந்தவள். எந்தப் பக்கம் பார்த்து உட்கார விருப்பம் என்ற கேள்விக்கு எதிரே 'கேட்டதுக்கு நன்றி' என்று மட்டும் எழுதியிருந்தாள்.

"இதுல என்ன இருக்கு?" என்றார் பிரபாகர்.

தமிழ்ச்செல்வி பெட்டியைத் திறந்து கல்லைக் கையில் எடுத்தாள். திருப்பினாள். கல்லில் ஒரு சின்னக் குழி, குழிக்குள் கொஞ்சம் சிவப்பு.

"செம்மண்ணு" என்றார் பிரபாகர்.

அவள் விரலை நனைத்துத் தடவினாள். விரல் நுனி சிவந்தது. டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு மண்டபத்துக்குப் போனாள்.

10.58.

கண்ணாடி வழியாகப் பிரபாகர் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபத்தில் காளியாத்தாள் நாற்காலியில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். தமிழ்ச்செல்வி பக்கத்தில் குத்துக்காலிட்டு என்னவோ கேட்டாள். காளியாத்தாள் விரலை மடக்கி எண்ணிக்காட்டினார். பிறகு வாசற்படி ஓரத்து குரோட்டன்ஸ் தொட்டிகளைக் கை காட்டினார். தமிழ்ச்செல்வி எழுந்து போய் ஒவ்வொரு தொட்டிக்குப் பின்னாலும் குனிந்து பார்த்தாள். வெறுங்கையோடு திரும்பினாள்.

"என்ன தேடினீங்க?"

"ஒரு பொருளு சார்."

"கெடச்சுதா?"

"இல்ல. அது அங்க இருக்கக் கூடாது, இல்லவும் இல்ல. இப்பத்தான் நிம்மதி."

கிடைக்காததற்கு ஒருத்தி நிம்மதிப்படுவாளா? பிரபாகருக்குச் சுத்தமாகப் புரியவில்லை.

"அம்மாகிட்ட இன்னொன்னும் கேட்டேன். பையை எப்ப உங்க கையில குடுத்தாங்கன்னு. தம்பி காப்பி வந்தப்புறம் குடுத்தான்னாங்க. காப்பி நாமதான் சார் குடுத்தோம். பத்து பத்துக்கு. எல்லாரையும் வரச் சொல்லுங்க. கனிஷ்காவையும்."

11.08.

அறைக்குள் ஆறு பேர், அவளோடு ஏழு. பெரியசாமி சுவரோரம் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

தமிழ்ச்செல்வி கல்லைக் காளியாத்தாளின் உள்ளங்கையில் வைத்தாள். "அம்மா, இத முன்னாடி பாத்திருக்கீங்களா?"

காளியாத்தாள் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது. "ஏனுங்க, இது என்ற கல்லுங்க. நான் பொட்டு வெச்ச கல்லு."

"உன்ற கல்லா?" அப்புசாமி திகைத்தார்.

"நல்ல காரியத்துக்கு மூணு பேராப் போவாங்களா? நீங்க, நானு, தம்பி. மூணாச்சு. அதுக்குத்தான் கீழ பாத்தியில ஒரு கல்லெடுத்து, தட்டுல இருந்த குங்குமத்த வெச்சு, நாலாவது ஆளுன்னு கூட்டிட்டு வந்தேன். எறங்குனதும் அந்தத் தொட்டிகிட்டப் போட்டுட்டேன். பெட்டிக்குள்ள கல்லுன்னு சொன்னீங்க. இந்தக் கல்லுன்னு ஆரு எனக்குக் காட்டுனீங்க?"

யாரும் காட்டவில்லைதான். ஆம்பிளைகள் மூடி மூடி எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டார்கள்.

"கல்யாணத்துக்கு வர்றவங்க அட்டையில எல்லாம் நாலு சீட்டு நாலு சீட்டுன்னே எழுதுவாங்க சார்" என்றாள் தமிழ்ச்செல்வி. "அம்மா அட்டையையும் அந்தச் சிவப்பையும் சேத்துப் பாத்தப்பதான் எனக்கு உறைச்சுது. இந்தக் கல்லு 9.46க்கே மேல வந்திருச்சு. அதே நேரத்துல பை கீழ போயிருச்சு. கல்லு மேல, பை கீழ. பெரியசாமி அண்ணன் கீழ போயிட்டு வந்த பன்னெண்டு நிமிசமும் இந்தக் கல்லு தொட்டிகிட்டத்தான் கெடந்துச்சு. அவரு எப்படி இத உள்ள வெப்பாரு?"

பிரபாகருக்கு முதல் தடவையாக ஏதோ விளங்குகிற மாதிரி இருந்தது. உடனே சந்தேகமும் வந்தது. "திரும்ப வந்தப்ப இறங்கி எடுத்திருக்கலாமில்ல?"

"அண்ணன் இறங்கவே இல்ல சார். அத நான் சொல்லல." மூன்றாவது அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். "இவரு எழுதியிருக்காரு. அவரோட சொந்தக் கையெழுத்து. படியிலயே காத்திருந்தேன், டிரைவர் சீட்ட விட்டு இறங்கலன்னு. அண்ணன்மேல ஒரு குறை சொல்லி வைக்கணும்னு எழுதினாரு. அதுவே அண்ணனக் காப்பாத்திருச்சு."

நவநீதகிருஷ்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"9.58க்குப் பை உங்க கைக்கு வந்துச்சு. உங்க அக்காகிட்டப் போனது 10.10. அதுக்கப்புறம் அது அவங்க மடிய விட்டு எறங்கல. கல்லும் பையும் ஒன்னா இருந்த நேரம் அந்தப் பன்னெண்டு நிமிசந்தான். கனம் குறையக்கூடாதுன்னு தொட்டிகிட்ட கெடந்த கல்ல எடுத்தீங்க. கீழ்வாசல் கல்லு, பழி கீழ இருந்தவர்மேல போகும்னு கணக்குப் போட்டீங்க. பொட்டையும் தொடச்சீங்க. குழியில இருந்தது போகல."

"என்ன பேச்சுங்க இது? அக்கா ஊட்டுப் பொருள நான் எடுப்பனா? என்னையச் சோதிச்சுக்கங்க" என்றார் அவர்.

"உங்களச் சோதிச்சா கெடைக்காது. பொம்பளைங்க பையை இன்னிக்கு ஒருத்தரும் சோதிக்கல, சோதிக்க மாட்டாங்கன்னு உங்களுக்கும் தெரியும். கனிஷ்கா, உங்க பையக் கொஞ்சம் பாக்கறீங்களா?"

கனிஷ்கா கைப்பையைத் திறந்தாள். சீப்பை எடுத்தாள், போன் சார்ஜரை எடுத்தாள். அடியிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சு வந்தது. உள்ளே இருப்பது ஆரம்தான் என்று அவிழ்க்காமலே தெரிந்தது.

 காளியாத்தாள்தான் கேட்டார். "ஏன்டா தம்பி?"

"நீயே சொல்லக்கா." நவநீதகிருஷ்ணன் அக்காவைப் பார்த்தார். "முறைப்பொண்ணு என்ற ஊட்டுல இருக்கறப்ப நீ எங்கியோ போயிப் பொண்ணெடுக்கற. கனிஷ்கா பொறந்த அன்னிக்கு நீ என்ன சொன்ன? இவ என்ற மருமகள்னு சொன்னயா இல்லியா? இன்னிக்கு நின்னுபோச்சுன்னா சகுனத் தடைன்னு நெனச்சு நாளைக்கு எங்கிட்ட வருவீங்கன்னு பாத்தேன். ஆரத்த நானா வெச்சுக்கப் போறேன்?"

"அதுக்கு இந்த மனுசன் ஜெயிலுக்குப் போகோணுமா அப்பா?" கனிஷ்கா ஆரத்தை அத்தையின் கையில் வைத்தாள்.  "வண்டியில எந்தப் பக்கம் பாத்து உக்காரப் புடிக்கும்னு இங்க என்னையக் கேட்டாங்க. ஒரு நாலு நிமிசப் பயணத்துக்கு. மச்சானக் கட்டிக்கப் புடிக்குமான்னு நீங்க ஒருநாளும் கேக்கலீங்க. கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன். எனக்கு அவரு அண்ணன் மாதிரி."



11.21க்கு ஆரம் பெண்ணின் கழுத்தில் ஏறியது. போலீசுக்கு யாரும் போன் போடவில்லை. நவநீதகிருஷ்ணன் சாப்பிடாமல், வண்டியும் ஏறாமல், வெயிலில் நடந்தே கீழே இறங்கிப் போனார். பெரியசாமி கேஸ் வேண்டாம் என்றுவிட்டார். பிரபாகர் அவரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். "சட்டைப் பைய நீங்க உதறலீங்களே சார், வாட்ச்மேன்தான உதறுனாரு" என்றார் பெரியசாமி. பிரபாகருக்கு அதுதான் இன்னும் வலித்தது. உதறச் சொன்னது அவர்தான்.

மதியம் 2.10.

சீர்த்தட்டுகளோடு அப்புசாமி, காளியாத்தாள், கனிஷ்கா மூன்று பேரும் படிக்கு வந்தார்கள். பெரியசாமி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். இந்தத் தடவை சீட்டை விட்டு இறங்கித் தட்டுகளை வாங்கி வைத்தார். அப்புசாமி அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "தப்பாப் பேசிட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். பெரியசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

பிரபாகரிடமும் ஒரு கல் இருந்தது. மூன்று பேராகக் கிளம்பப் போகிறார்கள் என்று முன்பே தெரிந்ததால் ஆளை விட்டுக் கீழ்வாசலிலிருந்து எடுத்துவரச் சொல்லியிருந்தார். இந்த ஒரு விஷயமாவது தனக்குப் புரிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அதைக் காளியாத்தாளிடம் நீட்டினார்.

காளியாத்தாள் கல்லைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"கல்லு எதுக்குங்க சாமி?" என்றார். "நாங்க மூணு பேரு, டிரைவர் ஒருத்தரு. நாலு பேரு இருக்கறமல்ல."

வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது. கல்லை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிரபாகர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.