நான்காம் மாடியில் ஒன்பது வினாடி

மற்ற மாடிகளில் லிஃப்டின் கதவு மூன்று வினாடி திறந்திருந்து மூடிக்கொள்ளும். நான்காம் மாடியில் மட்டும் ஒன்பது வினாடி. வழியில் யாருமில்லை, சென்சாரில் தூசியில்லை, கதவின் அடித்தடத்தில் தடையில்லை. அவள் மூன்று முறை போய்வந்து எண்ணிவிட்டாள். ஒவ்வொரு முறையும் கதவு அகலத் திறந்து, யாருக்கோ மரியாதையாக வழிவிடுவதுபோல் நின்று, பிறகுதான் மூடியது.

லிஃப்டை இயக்கும் நிரல் அவள் வேலை; கம்பியும் மோட்டாரும் கணவனுடையது. இப்போது மதியம் மூன்று மணி. அவன் கீழே காவல் அறையில், மாடிகளின் நடைவழிகளையும் படிகளையும் காட்டும் கேமராத் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். லிஃப்டுக்குள் கேமரா கிடையாது. பேச ஒரு இன்டர்காம் மட்டும். ஐந்து மணிக்குள் குழந்தையைக் காப்பகத்திலிருந்து கூட்டிவர வேண்டும்.

நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றமும் எண்ணோடும் ஒரு வரிக் குறிப்போடும் தனிப் பதிப்பாகச் சேமிக்கப்பட்டிருக்கும். மொத்தம் முந்நூற்று அறுபது. எல்லாவற்றையும் வாசிக்க வேண்டியதில்லை. நடுவில் உள்ளதைத் திறக்க வேண்டும். தேடும் வரி அங்கே இருந்தால் அது முன்பாதியில் நுழைந்திருக்கிறது, இல்லாவிட்டால் பின்பாதியில். இப்படிப் பாதி, பாதியில் பாதி என்று வெட்டிக்கொண்டே போனால் ஒன்பதாவது வெட்டில் ஆள் அகப்பட்டுவிடும். அகப்பட்டது 213. அவளுக்கு முன்பு இங்கே வேலை பார்த்தவர் எழுதியது. குறிப்பு இவ்வளவுதான்: ‘நான்காம் மாடி. அது முதலில் இறங்கட்டும்.’

“அதுன்னா எது?” அவள் வாசித்ததைக் கேட்டு இன்டர்காமில் கணவன் சிரித்தான். “யார் வீட்டு நாயாவது தனியா லிஃப்டுல போயிட்டு வருதா?”

“கேலி போதுங்க. அந்த வரிய எடுத்துட்டா சரியாயிடும். ஆனா ஏன் எழுதினார்னு தெரியாம எடுக்கக் கூடாது.”

“அவர்கிட்டயே கேளேன்.”

“சொல்லாமக் கொள்ளாம வேலைய விட்டுட்டுப் போனவர எங்க போய்த் தேடுறது?”

அதற்கும் வழி உண்டு. அந்த வரி வருவதற்கு முந்தைய பதிப்பை, 212-ஐ, எடுத்து ஏற்றி ஓட்டிப் பார்க்கலாம். செக்-அவுட் என்பார்கள். பின்னால் வந்த எதுவும் அழியாது. லிஃப்ட் மட்டும் அந்தப் பழைய நாளுக்குப் போய்விடும். அவளுக்கு மிகவும் பிடித்தது இதுதான். கேட்ட வரி மட்டும் வராது, அன்றைய நாள் முழுதாக வரும்.

பொத்தான்களுக்குக் கீழே டேப்லெட்டின் கம்பியைச் செருகி 212-ஐ ஏற்றினாள். தரைத்தளத்திலிருந்து நான்காம் மாடிக்கு. கதவு திறந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மூடியது.

“சரியாயிடுச்சுங்க! மூணே செகண்டு.”

“பலே மேடம். இறங்கி வா, கிளம்பலாம்.”

அப்போதுதான் பொத்தான்களுக்கு மேலே, இதுவரை இருண்டு கிடந்த சிறு கட்டம் ஒளிர்வதைப் பார்த்தாள். பிற்பாடு யாரோ நிறுத்திவிட்ட எடைகாட்டி. பழைய நாளோடு அதுவும் திரும்பியிருந்தது. 121.

“என்னங்க, என் வெயிட்ட நூத்தி இருபத்தொண்ணுன்னு காட்டுது.”

“நான் சொன்னா கோவிச்சுக்குவ. இப்ப மெஷினே சொல்லுது பாரு.”

அவள் ஐம்பத்தெட்டு கிலோ. மீதி அறுபத்து மூன்று.

மின்விசிறியின் முனகலுக்கு அடியில், அவள் மூச்சு முடிந்த பிறகும் அரை நொடி நீளும் இன்னொரு மூச்சு இருப்பதையும், பெட்டிக்குள் அடைத்துவைத்த ஈரத்துணியின் வாடை தன் வலது தோளுக்குப் பின்னாலிருந்து வருவதையும், வெகுநேரம் நின்று களைத்தவர் கால் மாற்றிக்கொள்வதுபோல் தரைத்தகடு மெல்ல அமுங்கி எழுவதையும் அவள் ஒவ்வொன்றாக உணர்ந்தாள். 121. 120. 121.

திறக்கும் பொத்தானை அழுத்தினாள். திறக்கவில்லை. ஒரு சோதனை முடிந்தால் அடுத்த பதிப்பு ஏறும்வரை கதவு பூட்டியே இருக்கும். குடியிருப்பவர்கள் யாரும் நடுவில் ஏறிவிடக் கூடாதென்று டேப்லெட்டின் சோதனை நிரலில் அவளே வைத்த விதி.

அது முதலில் இறங்கட்டும்.

நாய் இல்லை. மூன்று வினாடியில் அதனால் இறங்க முடியவில்லை. ஒன்பது வேண்டும்.

213-ஐ எடுத்தாள். பத்து சதவீதம். நாற்பது. பிடரியில் குளிர். எழுபது. நூறு.

கதவு திறந்தது. வெறிச்சோடிய நடைவழி. ஓடிவிடலாம். ஆனால் அவள் முதலில் இறங்கினால் அது பின்னால் வரும். வீட்டுக்கு. குழந்தையிடம்.

மூலையில் ஒட்டி நின்றாள். அசையவில்லை. எண் ஐம்பத்தெட்டுக்கு இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

நான்கு. ஐந்து. 121.

ஆறு. 121.

ஏழாவது வினாடியில் எதுவும் அவளை உரசிப் போகவில்லை. அவளுக்குள்ளிருந்து எதுவோ உருவிக்கொண்டு போனது.

63.

கதவு மூடியது.

“என்ன இது, படியில இறங்கிட்டிருக்கா?” அணையாத இன்டர்காமில், திரையைப் பார்த்துக் கணவன். “லிஃப்டுலயே வர வேண்டியதுதானே?”

கத்தினாள். சத்தம் வரவில்லை. எதிரே கண்ணாடிபோல் மின்னும் எஃகுச் சுவரில், கம்பியில் தொங்கியாடும் டேப்லெட் தெரிந்தது. மூலை காலியாக இருந்தது.

இன்டர்காமில், கீழே காவல் அறைக் கதவு திறக்கும் சத்தம். பிறகு ஒரு பெண்ணின் குரல். அவளுடைய குரல்.

“213-ஐயே வச்சுக்கலாங்க. நாலாவது மாடியில ஒன்பது செகண்டு திறந்திருந்தாதான் இறங்க முடியுது. வாங்க, பாப்பா காத்துட்டிருப்பா.”