மூன்றாவது வரிசையின் சிவப்பு

"பச்சை கேட்டீங்க, பச்சை கலந்து கொடுத்தேன். இதுல என் தப்பு என்ன இருக்கு?"

"நான் பச்சை கேட்கவே இல்லையே..."

"ஐயோ! இதோ, இந்த நிறப் பலகையில விரலை வச்சுக் காட்டினீங்க. மூணாவது வரிசை, ஓரத்துல. உங்க நகத்துல பட்டிப் பூச்சு ஒட்டியிருந்தது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு!"

"அது சிவப்பு."

"எது சிவப்பு?"

"அந்த... இடம்."

கடைக்குள் தின்னர் டப்பாக்களின் பக்கத்தில் நின்றிருந்த ஃபெர்மின் அண்ணன் வெடித்துச் சிரித்தார்.

"இடம் சிவப்பாம்! கேட்டுக்கோங்கப்பா! டேய் டெல்ஃபீனோ, வண்டியோட கேபின் சிவப்பு, மட்கார்டு பச்சை. நேத்து உங்க வீட்டு வாசல்ல பார்த்தேன். கிறிஸ்துமஸ் வண்டிடா அது! கல்யாணத்தன்னிக்குத் தங்கச்சியை அதுலதான் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். கல்லாவுக்குப் பின்னால் நின்ற ஓர்லிந்தாவும் சிரித்தாள். அப்பாவின் பெயிண்ட் கடையில் சனிக்கிழமைதோறும் நிற்பவள் அவள். எஸ்பனோலா ஊரில் பழைய வண்டியைப் புதுசாக்கும் எந்த ஆணும் அந்தக் கடைப்படி ஏறாமல் இருக்க முடியாது. ஏறுகிறவர்கள் எல்லோரும் அவளுடைய பச்சைக் கண்களைப் பற்றி ஏதாவது சொல்லாமல் இறங்குவதும் இல்லை. இவன் ஒருத்தன்தான் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துதானோ என்னவோ, அவள் சிரிப்பு கொஞ்சம் சத்தமாகவே வந்தது.

"கண்ணை வீட்டுல வச்சுட்டு வந்துட்டீங்களா?"

அவன் பலகையைப் பார்த்தான். திருப்பிக் கொண்டுவந்திருந்த டின்னைப் பார்த்தான். மெலிந்த கழுத்திலிருந்து காது நுனி வரை ரத்தம் ஏறியது.

"சரிங்க... நான்தான் தப்பா காட்டியிருப்பேன். மன்னிச்சிடுங்க."

டின்னை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டான். கதவின் மணி ஆடிக்கொண்டே இருந்தது...

மதியம் அவள் பக்கத்துத் தெருக் கடைக்குச் சாப்பிடப் போனாள். மூலை மேசையில் அவன். நல்லவேளை, அவன் பார்க்கவில்லை.

"சிவப்பா, பச்சையா?" என்று கேட்டாள் பரிமாறுகிற பெண். எஸ்பனோலா பள்ளத்தாக்கில் எங்கே சாப்பிட உட்கார்ந்தாலும் முதலில் வரும் கேள்வி அதுதான். தட்டின் மேல் எந்த மிளகாய்க் குழம்பு?

"கிறிஸ்துமஸ்," என்றான் அவன். இரண்டும் வேண்டும் என்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

இரண்டு கிண்ணங்கள் வந்தன. அடுத்த மேசைக் கிழவர் கை நீட்டி, "தம்பி, அந்தச் சிவப்பைக் கொஞ்சம் தள்ளு," என்றார்.

டெல்ஃபீனோவின் கை இரண்டு கிண்ணங்களுக்கும் நடுவே நின்றது. சட்டென்று ஒன்றில் சுண்டுவிரலைத் தொட்டு நாக்கில் வைத்தான். அதன் பிறகுதான் மற்றதை எடுத்துக் கொடுத்தான்.

ஓர்லிந்தா கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

மூணாவது வரிசை, ஓரத்துல... அந்த இடம்...

அவன் நிறத்தைப் பார்த்து வாங்குகிறவன் இல்லை. இடத்தை மனப்பாடம் செய்து வாங்குகிறவன். போன மாதம் வரை அந்த ஓரத்தில் இருந்தது, காய்ந்த மிளகாய்ச் சரம் போன்ற கருஞ்சிவப்பு. பலகை பார்க்க அழகாக இருக்கட்டுமே என்று எல்லா நிறத்தையும் பிடுங்கி மாற்றி ஒட்டியவள்... அவளேதான்.

எழுந்து போய் அவனிடம் சொல்லியிருக்கலாம். நாலு அடி தூரம்தான். போகவில்லை. கன்னம் சிவந்து அழகு கூட்டுகிற வெட்கம் அவளுக்குப் பழக்கம். இது வேறு. பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க 'கிறிஸ்துமஸ் வண்டி' ஊர் சுற்றியது. எரிபொருள் போடுகிற இடத்தில், முடிதிருத்தும் கடையில், கோயில் வாசலில்... ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அவள் தலை குனிந்தாள். ஒவ்வொரு தடவையும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. வாராவாரம் ஒரே ஒரு உப்புத்தாள் வாங்க வருகிறவன்... வரவில்லை. மணி அடிக்கும்போதெல்லாம் அவள் நிமிர்ந்து பார்த்து ஏமாந்தாள். கடைசியில் வந்தவர் ஃபெர்மின் அண்ணன்.

"என்னம்மா, கிறிஸ்துமஸ்காரன் வரலையா?"

அவ்வளவுதான். அவளுக்குள் ஏதோ உடைந்தது.

*

டெல்ஃபீனோவின் ஊரான சிமயோவுக்குப் போகிற வழியெல்லாம் மேகம் அவள் கூடவே வந்தது. ஆப்பிள் மரங்களுக்குப் பின்னால் மண்சுவர் வீடு. அதை ஒட்டி ஒரு கொட்டகை. வாசல்படியில் நகப்பூச்சு பூசிக்கொண்டிருந்த பெண், அவள் கையில் டின்னைப் பார்த்ததும் உள்ளே பார்த்துக் கத்தினாள்.

"அண்ணா! பெயிண்ட் கடைப் பொண்ணு வந்திருக்கு! இந்தத் தடவை என்ன நிறம்? ஊதாவா?"

"இவெட், உள்ள போ."

"கல்யாணப் பொண்ணை விரட்டுறான் பாரு..." முனகிக்கொண்டே தங்கை எழுந்து போனாள்.

கொட்டகைக்குள் மேலிருந்து கீழ் வரை பிளாஸ்டிக் திரை தொங்கியது. தூசி எழும்பாமல் இருக்கத் தரையை நனைத்து வைத்திருந்தான். நடுவில் அது நின்றது... ஐம்பத்தொன்றாம் வருஷத்து செவர்லே லாரி, குட்டி லாரி. உருண்ட நெற்றி, புஸ்ஸென்று உப்பிய கன்னம் மாதிரி மட்கார்டுகள். டிங்கரிங் முழுக்க அவன் கைதான். ஓர்லிந்தா விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. கேபின் அடர்ந்த சிவப்பு. அவன் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்த மட்கார்டிலிருந்து பச்சை பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"கேபின் எங்க அண்ணன் அடிச்சது," என்றான் நிமிராமல். "டென்வர்ல வேலை கிடைச்சுப் போயிட்டான். அவன் இருந்த வரைக்கும் நிறம் அவன் பொறுப்பு. எதுக்கு வந்தீங்க?"

"இது... அதே சிவப்பு. நானே கலந்தேன்."

"வேண்டாம். இவெட்கிட்ட வேற வண்டி பார்த்துக்கச் சொல்லிட்டேன்."

"ஐயோ, அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. அழுதா. அப்புறம் நகப்பூச்சு எடுத்துட்டு உட்கார்ந்துட்டா."

வெளியே முதல் இடி உருண்டது.

"நான் ஃபெர்மின் அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்," என்றாள் ஓர்லிந்தா, ஒரே மூச்சில். "எல்லார் முன்னாடியும். நீங்க சிவப்புதான் கேட்டீங்க, நான்தான் வேற எங்கேயோ பராக்கு பார்த்துட்டுப் பச்சையைக் கலந்துட்டேன்னு. அப்பா திட்டினார். இப்போ நான்தான் கிறிஸ்துமஸ் பொண்ணு..."

அவன் கை நின்றது.

"எனக்காகப் பொய் சொன்னீங்களா?"

"அது வந்து..."

"யாரு சொல்லச் சொன்னா? பாவம்னு பார்த்தீங்களா?" குரல் உயரவில்லை. அதுதான் அவளை இன்னும் சுட்டது. "உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. அப்படித்தானே?"

"அன்னிக்கு மதியம்... நீங்க விரலைத் தொட்டுப் பார்த்தது..."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உலகத்தில் அண்ணனைத் தவிர யாருக்கும் தெரியாத விஷயம். அவள் ஓடிவிட நினைத்தாள். மழை வாசலை மறித்தது... படபடவென்று தகரத்தின் மேல்.

"நான் பாவம்னு பார்க்கலை," என்றாள். "எனக்கு அசிங்கமா இருந்துச்சு. என்னை நினைச்சு. அந்தப் பலகையை மாத்தி ஒட்டினது நான்தான். நீங்க சரியான இடத்தைத்தான் காட்டினீங்க. நிறம்தான் இடம் மாறிப் போச்சு. அது தெரிஞ்சும் ஒரு வாரம் வாயை மூடிட்டு இருந்தேன். ஊரே உங்களைப் பார்த்துச் சிரிச்சுது... முதல்ல சிரிச்சது நான்."

நனைந்த மண்ணின் வாசனையும் மலைச்செடியின் வாசனையும் உள்ளே வந்தன. அவன் உப்புத்தாளை மடித்துத் தூசியைத் தட்டினான்.

"மாத்தினதுக்கு அப்புறம் அழகா இருந்துச்சா?"

"எது?"

"பலகை."

"...ரொம்ப."

"எனக்குத் தெரியலை," என்றான். உதட்டோரம் ஏதோ லேசாக நெளிந்தது. சிரிப்பா? "சரி, உட்காருங்க. இந்தப் பக்கம் தேய்ங்க. பச்சை முழுக்கப் போகணும். எனக்குத்தான் எங்கே மிச்சம் இருக்குன்னு தெரியாதே... சிரிச்சதுக்குக் கூலி."

"உப்புத்தாள்?"

"அலமாரியில."

அலமாரியைத் திறந்தவள் அப்படியே நின்றாள். பிரிக்காத உப்புத்தாள்கள், அடுக்கடுக்காய். ஒவ்வொன்றிலும் அவள் கடை முத்திரை. இத்தனையையும் வைத்து ஊரில் உள்ள வண்டி அத்தனையையும் தேய்க்கலாம்.

"இதெல்லாம்..."

"தேவைப்படலை," என்றான் அவன் மட்கார்டைப் பார்த்தபடி. காது நுனி மறுபடி சிவந்தது. அவனுக்கே தெரியாத சிவப்பு. "கடைக்கு வர ஏதாவது ஒரு காரணம் வேணும்ல..."

அவள் ஒரு தாளை உருவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். இரண்டு பேரும் தேய்த்தார்கள். "இங்க... இன்னும் கொஞ்சம்," என்று அவள் விரலால் காட்டுவாள். அவன் தேய்ப்பான். அடியில் சாம்பல் நிற பிரைமர் மெல்ல வெளியே வந்தது.

"இன்னிக்கு அடிச்சிடலாமா?"

"மழையில அடிக்கக் கூடாது. ஈரம் பட்டா பால் மாதிரி வெளுத்துடும்."

"அப்போ?"

"விடுற வரைக்கும் காத்திருக்கணும்."

மழை விடுகிற மாதிரி இல்லை. அதற்கு அவளுக்கு வருத்தமும் இல்லை. தலையைத் தூக்கினாள். அவன் முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்... தப்பித்துப் போகாத பார்வை.

"உங்க கண்ணைப் பத்தி ஊர்ல எல்லாரும் பேசுவாங்க. நானும் தலையாட்டிட்டு நிப்பேன், தெரிஞ்ச மாதிரி. உங்ககிட்ட மட்டும் அந்தப் பொய்யைச் சொல்ல முடியலை. அதான் ஒண்ணுமே சொன்னதில்லை. எனக்கு உங்களைப் பிடிக்கும்... கடையில முதல் நாள் பார்த்ததுலேர்ந்து."

உப்புத்தாள் அவள் கையிலிருந்து நழுவி நனைந்த தரையில் விழுந்தது.

"நிறத்தோட பேரு வேண்டாம்," என்றான் மெல்ல. "பேரு சொன்னா எனக்குப் புரியாது. உங்க கண்ணு... எது மாதிரி இருக்கும்னு மட்டும் சொல்லுங்களேன்..."